ஸ்லேஷர் மக்கர் செய்தால்: எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் கழற்றுவது

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஊத்தான் மெலிந்தாங் பக்கம் மழை விட்டு இரண்டு நாள் வெயில் அடித்தால் போதும், டிராக்டரில் மாட்டிப் புல் வெட்டும் ஸ்லேஷர் மெசினுக்காகப் பட்டறைக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான்: "அண்ணே, ஸ்லேஷர் கியர்பாக்ஸ் போச்சு." போய்ப் பார்த்தால் கியர்பாக்ஸ் நன்றாகத்தான் இருக்கும். ஒரு கத்தி மடங்கிக் களிமண்ணில் இறுகிக் கிடக்கும். அல்லது டிராக்டரிலிருந்து சுழற்சியை மெசினுக்குக் கொண்டுவரும் ஷாஃப்ட்டைக் கழற்றி மாட்டும்போது மாற்றிச் சொருகியிருப்பார்கள். அல்லது மெசின் ஒரு பக்கம் சாய்ந்தபடியே ஒரு வருடமாக ஓடியிருக்கும்.

அதனால் இந்தக் குறிப்பில் வரிசை முக்கியம். பொதுவாக மெசினில் முதலில் கத்தி, அடுத்து ஷாஃப்ட், அதன் பிறகு மட்டம், கடைசியில்தான் கியர்பாக்ஸ். முதல் மூன்றையும் பார்க்கக் காசு செலவில்லை. கியர்பாக்ஸைப் பிரித்தால் கோளாறே இல்லாவிட்டாலும் சீலுக்கும் எண்ணெய்க்கும் வெள்ளி (ரிங்கிட்) போகும்.

இங்கே சொல்வதெல்லாம் டிராக்டரின் பின்னால் மூன்று முனையில் மாட்டும், நடுவில் ஒரே கியர்பாக்ஸும் ஆடும் கத்தி இரண்டும் உள்ள 4 முதல் 6 அடி வரையிலான மெசினுக்கு. பிடிஓ, அதாவது எஞ்சினின் சுழற்சியை வெளியே தரும் டிராக்டரின் பின் முனை, நிமிடத்துக்கு 540 சுற்று, 6 பல், 35 மில்லிமீட்டர் ஷாஃப்ட். செம்பனைத் தோட்டத்திலும் தென்னந்தோப்பிலும் கோயில் நிலத்திலும் பள்ளித் திடலிலும் ஓடுவது அநேகமாக இதுதான்.

கை வைப்பதற்கு முன்

5 அடி மெசினில் கத்தி நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றினால் அதன் நுனி மணிக்கு 280 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் போகிறது. பிடிஓவை நிறுத்திய பிறகும் அது கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். சத்தம் அடங்கியதைக் கேட்டால் போதாது. ஷாஃப்ட் நின்றதைக் கண்ணால் பார்க்க வேண்டும். பிடிஓ ஆஃப், எஞ்சின் ஆஃப், பிரேக் போட்டு, சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சாவி வண்டியிலேயே இருந்தால், உதவிக்கு வந்த பையன் எதற்காவது ஸ்டார்ட் செய்து பார்ப்பான்.

மெசினைத் தூக்கி அடியில் பார்க்க வேண்டுமென்றால் ஹைட்ராலிக்கை நம்பாதீர்கள். லீவர் தட்டினாலும் விழும், குழாய் வெடித்தாலும் விழும். நான்கு மூலையிலும் தடித்த மரக்கட்டை கொடுத்து, அதன் மேல் மெசின் உட்கார்ந்த பிறகு குனியுங்கள். ஷாஃப்ட்டின் மேலுள்ள பிளாஸ்டிக் உறை உடைந்திருந்தால் அன்றைக்கு வேலை இல்லை. கைலி கட்டிக்கொண்டு சுழலும் ஷாஃப்ட் பக்கம் போகிறவர்களை இன்னும் பார்க்கிறேன். துணி சிக்கினால் கையை இழுத்துக்கொள்ள நேரம் கிடைக்காது.

வெட்டுகிறது, ஆனால் கோடு கோடாக விட்டுப்போகிறது

முதலில் எஞ்சின் சுற்றைப் பாருங்கள். டீசல் மிச்சம் என்று திராட்டிலைப் பாதியில் வைத்து ஓட்டுவது நம் பக்கத்தில் பரவலான பழக்கம். பிடிஓ 540க்கு வந்தால்தான் கத்தி நுனிக்குப் புல்லை அறுக்கும் வேகம் கிடைக்கும். 400இல் ஓட்டினால் புல் அறுபடாமல் சாய்ந்து, மெசின் தாண்டிய பிறகு எழுந்து நிற்கும். எந்த எஞ்சின் சுற்றில் 540 வருகிறது என்று மீட்டரில் ஒரு கோடோ சின்னப் படமோ இருக்கும். மீட்டர் செத்துப்போன வண்டி என்றால் வேறு வழியில் அளந்து, திராட்டில் லீவருக்குப் பக்கத்தில் பெயிண்டால் ஒரு குறி போட்டுவிடுங்கள்.

சுற்று சரி என்றால் அடுத்தது வண்டியின் வேகம். மணிக்கு 3 முதல் 6 கிலோமீட்டர் போதும். வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் கியரைக் குறைக்க வேண்டும், திராட்டிலைக் குறைக்கக் கூடாது. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பேருக்கு வெட்டு நன்றாக வருவதில்லை.

இரண்டும் சரியாக இருந்தும் கோடு விழுந்தால் கத்தி. நுனி தேய்ந்து உருண்டு போயிருந்தால் மெசின் 5 அடி என்று பெயர்தான், வெட்டுவது அதைவிடக் குறைவு. தீட்டலாம், ஆனால் சவரக் கத்தி ஆக்க வேண்டாம். பழைய சாய்வு எப்படி இருந்ததோ அதே சாய்வில், முனை ஒன்றரை மில்லிமீட்டர் கனம் இருக்கும்படி விட்டால் போதும். மெல்லிய முனை முதல் தேங்காய் மட்டையிலேயே மடங்கிவிடும். கிரைண்டரில் ஒரே இடத்தில் வைத்து அழுத்தி நீலம் பாயவிட்டால் அந்த இடத்தில் இரும்பின் பதம் போய்விடும். விட்டுவிட்டுத் தேய்க்க வேண்டும். உடைந்த கத்தியை வெல்டிங் செய்து மாட்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. அது பிய்த்துக்கொண்டு போனால் எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

புதுக் கத்தி மாட்டிய அன்றே வெட்டு மோசமானால் தலைகீழாகவோ திசை மாற்றியோ மாட்டியிருக்கிறீர்கள். டிராக்டர் பிடிஓ பின்னாலிருந்து பார்த்தால் கடிகாரத் திசையில் சுற்றும். எஞ்சினை நிறுத்திவிட்டு ஷாஃப்ட்டைக் கையால் அதே திசையில் திருப்பிப் பாருங்கள். கத்தியின் தீட்டிய பக்கம் முன்னால் போக வேண்டும், காற்றை மேலே இழுக்கும் வளைவு மேல்நோக்கி இருக்க வேண்டும். வலம் சுற்றும் மெசினுக்கு ஒரு கத்தி, இடம் சுற்றும் மெசினுக்கு வேறு கத்தி. கடையில் இரண்டும் ஒரே கம்பியில் தொங்கும்.

டயர் போன தடத்தில் மட்டும் புல் நிற்கிறது என்றால் மெசினைக் குறை சொல்லாதீர்கள். காலை எட்டு மணிக்கு முன் பனியில் நனைந்த புல்லை டயர் மிதித்தால் அது உடனே எழாது. பத்து மணிக்கு மேல் ஆரம்பித்துப் பாருங்கள். ஈரத்தில் வெட்டினால் இன்னொரு தொல்லையும் உண்டு. வெட்டிய புல் மேல் தகட்டின் அடியில் அப்பிக்கொண்டு, கட்டி கட்டியாக விழும். வேலை முடிந்ததும் சுரண்டி எடுக்காவிட்டால் அதற்கடியில் தகடு துருப்பிடித்து ஓட்டை விழும்.

ஒரு பக்கம் மொட்டை, ஒரு பக்கம் உயரம்

இதற்குக் காரணம் மட்டம்தான். மட்டம் பார்க்கச் சிமெண்டுத் தரை வேண்டும். தோட்டத்து ஸ்டோர் வாசல், கோயில் மண்டபத்து முன்பக்கம், எதுவானாலும் சரி. மண் தரையில் பார்த்த மட்டம் மட்டமில்லை. முதலில் இரண்டு பின் டயரிலும் காற்று சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் காற்று குறைந்திருந்தால் என்ன திருகினாலும் மட்டம் நிற்காது.

மெசினை வேலை செய்யும் உயரத்துக்கு இறக்கி, கத்திகளை வெளியே இழுத்து, கத்திகள் மாட்டியிருக்கும் பாரைக் கையால் இடம் வலமாகத் திருப்பி வையுங்கள். இரண்டு நுனியிலிருந்தும் தரைக்கு அளவு எடுங்கள். வித்தியாசம் இருந்தால் லிஃப்ட் கையில் உள்ள திருகை, பெரும்பாலும் வலது பக்கம் இருக்கும், சுற்றிச் சமன் செய்யுங்கள். மேல் தகட்டிலிருந்து அளக்காதீர்கள். தகடு அடிவாங்கி நெளிந்திருக்கும், புல்லை வெட்டுவது கத்தி.

அடுத்து பாரை முன் பின்னாகத் திருப்புங்கள். இப்போது முன் நுனி பின் நுனியைவிட 15 முதல் 25 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். இது ஏன் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். முன்பக்கம் கத்தி ஒரு தடவை புல்லை வெட்டிவிடுகிறது. பின்பக்கம் தாழ்ந்திருந்தால் அதே புல்லின் அடியை அந்தக் கத்தி மறுபடி வெட்டிக்கொண்டே வர வேண்டும். எஞ்சின் திணறும், டீசல் குடிக்கும், வெட்டிய புல் வெளியேறாமல் உள்ளேயே சுற்றும். புல்லைப் பொடியாக்க வேண்டும் என்று விரும்பி, குதிரைசக்தியும் கையிருப்பில் இருந்தால் பின்பக்கத்தைக் கொஞ்சம் இறக்கலாம். 5 அடி மெசினை 30 குதிரைசக்தி வண்டியில் ஓட்டுகிறவருக்கு அந்த ஆசை வேண்டாம்.

முன் உயரம் டிராக்டரின் கீழ்க் கைகளில், பின் உயரம் வால் சக்கரத்தில். மெசினின் மேல்முனையை டிராக்டரோடு இணைக்கும் டாப் லிங்க் வேலை செய்யும் நிலையில் கொஞ்சம் தளர்ந்திருக்க வேண்டும். இறுக்கிக் கட்டினால் டிராக்டரின் முன் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் மெசினின் வால் தூக்கிக்கொள்ளும், மேட்டில் ஏறும்போது கத்தி மண்ணைக் கொத்தும். மெசினின் தலைப்பகுதியில் ஆடும் இணைப்பு ஒன்று இருக்கும். அது துருப்பிடித்து அசையாமல் போய்விட்டதா என்று தட்டிப் பாருங்கள். பார்க்காதவர்கள்தான் அதிகம்.

வெட்டும் உயரம் 5 சென்டிமீட்டருக்குக் கீழே போக வேண்டாம். நம் கரையோரக் களிமண்ணில் கல் இல்லை என்ற தைரியத்தில் தரையோடு ஒட்டி ஓட்டுகிறார்கள். கல் இல்லைதான், சாய்ந்த செம்பனையின் அடிக்கட்டை இருக்கிறது, புதைந்த தேங்காய் இருக்கிறது.

மெசின் ஆடுகிறது, உட்காரும் இடம் வரைக்கும் அதிர்கிறது

ஆட்டம் வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். "இந்த வரிசை முடியட்டும்" என்று ஓட்டினால் கத்திப் பிரச்சினை பேரிங் பிரச்சினையாகி, பேரிங் பிரச்சினை கியர்பாக்ஸ் உடைப்பாகிவிடும்.

முதல் சந்தேகம், ஒரு கத்தி வெளியே விரியவில்லை. இந்தக் கத்திகள் போல்ட்டில் ஆடிக்கொண்டு இருக்க வேண்டும். எதிலாவது மோதினால் பின்னால் மடங்கி, பிறகு சுழற்சி வேகத்தில் தானே விரியும். களிமண்ணும் புல்லும் கத்திக்கும் பாருக்கும் நடுவில் போய்க் காய்ந்துவிட்டால் மடங்கிய கத்தி மடங்கியபடியே நிற்கும். மரக்கட்டை கொடுத்துவிட்டு, தடித்த கையுறை போட்டு, ஒவ்வொரு கத்தியையும் பிடித்து முழு வட்டம் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும். ஒரு கத்தி சுலபமாகவும் மற்றது அடம்பிடித்தும் வந்தால் கோளாறு கிடைத்துவிட்டது. மண்ணைச் சுரண்டி, டீசல் விட்டு, தட்டித் தட்டி விடுவியுங்கள். கத்தி போல்ட்டின் நட்டைத் தளர்த்தி அதை ஆடவைக்க நினைக்காதீர்கள். நட்டு கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுகியே இருக்க வேண்டும், கத்தி ஆடுவது போல்ட்டின் தோளிலோ புஷ்ஷிலோதான்.

இரண்டும் நன்றாகச் சுற்றுகின்றன என்றால் எடை. ஒன்று உடைந்து ஒன்றை மட்டும் மாற்றினீர்களா? பழையது தேய்ந்து இளைத்திருக்கும், புதியது முழு எடை. ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். தீட்டும்போதும் இரண்டையும் தராசில் வைத்துப் பாருங்கள். மீன் கடைத் தராசு போதும்.

எடையும் சரி என்றால் பார் வளைந்திருக்கலாம். மேல் தகட்டின் விளிம்பில் ஓர் இடத்தைக் குறித்து, அந்த இடத்துக்கு ஒவ்வொரு கத்தியாகத் திருப்பிக் கொண்டுவந்து, விளிம்புக்கும் நுனிக்கும் உள்ள உயரத்தை அளங்கள். வித்தியாசம் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டினால் பாரோ கத்தியோ வளைந்துவிட்டது. கத்திகளை இடம் மாற்றி மாட்டி மறுபடி அளந்தால் எது என்று தெரிந்துவிடும். வித்தியாசம் கத்தியோடு போனால் கத்தி, இடத்திலேயே நின்றால் பார்.

இன்னும் பிடிபடவில்லையா? இரண்டு கத்தியையும் கழற்றிவிட்டு, குறைந்த சுற்றில் பிடிஓவைப் போட்டுப் பாருங்கள். ஆட்டம் போய்விட்டால் கத்திதான். இருந்தால் ஷாஃப்ட்டைப் பாருங்கள். இரண்டு குழாயையும் இழுத்துப் பிரித்துச் சுத்தம் செய்தவர் திரும்பச் சொருகும்போது ஒரு பக்கம் திருப்பிச் சொருகியிருப்பார். நடுக் குழாயின் இரண்டு முனையிலும் உள்ள கவைகள் ஒரே நேர்கோட்டில் படுத்திருக்க வேண்டும். ஒன்று படுத்தும் ஒன்று நின்றும் இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஷாஃப்ட் வேகமெடுத்து வேகம் குறைந்து உதறும். சதுரக் குழாயில் இந்தத் தவறு எளிதாக நடக்கும். அதற்குப் பிறகு, கவைகளை இணைக்கும் குறுக்குச் சிலுவையின் பேரிங். கையால் ஆட்டிப் பார்த்தால் கடகடவென்று ஆடும், மூடியைச் சுற்றிச் செம்பழுப்பாகத் துருப்பொடி கசிந்திருக்கும். 8 மணி நேரத்துக்கு ஒரு தரம் கிரீஸ் அடித்திருந்தால் இந்த நிலை வராது.

ஷியர் போல்ட் அடிக்கடி அறுகிறது

கத்தி எதிலாவது மோதினால் கியர்பாக்ஸ் உடையாமல், தான் அறுந்து காக்கும் போல்ட் இது. எப்போது அறுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிடிஓ போட்ட அந்த நொடியே அறுந்தால் திராட்டிலை ஏற்றிவைத்துவிட்டுப் பிடிஓவைப் போடுகிறீர்கள். நின்றுகொண்டிருக்கும் பாரும் கத்தியும் கனமானவை. குறைந்த சுற்றில் கிளட்ச்சை மெதுவாக விட்டு, கத்தி சுழல ஆரம்பித்த பிறகு திராட்டிலை ஏற்றுங்கள். வேலை நடுவே அறுந்தால் எதிலோ அடித்திருக்கிறது. புதுப் போல்ட் போடுவதற்கு முன் கத்தியையும் பாரையும் பார்த்துவிடுங்கள்.

எதிலும் அடிக்காமலே, மெதுவாகப் போட்டும் அறுகிறது என்றால் போல்ட் போகும் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கும். போல்ட் உள்ளே ஆடி ஆடிச் சோர்ந்து அறுகிறது. கவையை மாற்றத்தான் வேண்டும்.

போல்ட்டின் தலையில் பதித்திருக்கும் எண்ணைப் படியுங்கள். கையேடு எந்தத் தரம் சொல்கிறதோ அதே தரம், அதே கனம். "அடிக்கடி அறுகிறது, நல்ல கட்டியான போல்ட் போட்டுட்டேன்" என்று கூடுதல் வலிமைத் தரமான 10.9 போட்டவர்கள் பிறகு கியர்பாக்ஸ் வாங்கினார்கள். அறுந்துபோவதுதான் அந்தப் போல்ட்டின் வேலை.

ஷியர் போல்ட்டுக்குப் பதில், பாரம் மீறினால் தட்டுகள் வழுக்கிவிடும் ஸ்லிப் கிளட்ச் உள்ள மெசின் என்றால் அதன் வியாதி வேறு. நம் ஊர் ஈரத்தில் சில மாதம் சும்மா நின்றால் தட்டுகள் துருவில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது வெளியே தெரியாது, கட்டையில் அடித்த அன்றுதான் தெரியும். மழைக்காலம் முடிந்து முதல் தடவை எடுக்கும்போது, ஸ்பிரிங்குகளின் நீளத்தை அளந்து எழுதிக்கொண்டு நட்டுகளைத் தளர்த்துங்கள். தட்டுகளின் விளிம்பில் குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு போடுங்கள். குறைந்த சுற்றில் பிடிஓவை இரண்டு மூன்று நொடி போட்டு நிறுத்துங்கள். எல்லாம் நின்ற பிறகு பார்த்தால் கோடு உடைந்து விலகியிருக்க வேண்டும். விலகவில்லை என்றால் இன்னும் ஒட்டியிருக்கிறது. விலகியதும் ஸ்பிரிங்கைப் பழைய நீளத்துக்கே இறுக்குங்கள், எல்லா ஸ்பிரிங்கும் ஒரே நீளம். வேலை செய்யும்போது புகை வந்து தீய்ந்த வாடை அடித்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது தட்டு தேய்ந்திருக்கிறது, அல்லது கிரீஸ் பட்டிருக்கிறது.

தூக்கும்போது மட்டும் டடடடவென்று சத்தம்

மெசினைத் தூக்கும்போது ஷாஃப்ட்டின் வளைவு கூடிவிடுகிறது. சிலுவை அந்தக் கோணத்தில் சுற்ற முடியாமல் அடிக்கிறது. திரும்பும் இடத்தில் பிடிஓவைப் போட்டபடியே மெசினை உச்சத்துக்குத் தூக்குவதை நிறுத்துங்கள். கட்டையைத் தாண்ட எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு தூக்கினால் போதும். லிஃப்ட் லீவரில் நிறுத்தம் இருந்தால் அங்கே வைத்துப் பூட்டிவிடுங்கள்.

இதைவிட ஆபத்தானது ஷாஃப்ட்டின் நீளம். இந்தப் பக்கம் ஒரே மெசினை இன்றைக்குச் சின்னக் குபோட்டா டிராக்டரில் மாட்டுவார்கள், நாளைக்குப் பெரிய மெஸ்ஸியில் மாட்டுவார்கள். பிடிஓ முனையிலிருந்து மெசின் வரைக்கும் உள்ள தூரம் வண்டிக்கு வண்டி வேறு. நீளம் கூடிய ஷாஃப்ட், மெசின் ஏறி இறங்கும்போது உள்ளே முட்டும். முட்டினால் பிடிஓ பேரிங்கையோ கியர்பாக்ஸின் முன் மூடியையோ குத்தும். குறைந்த ஷாஃப்ட் பள்ளத்தில் இறங்கும்போது கழன்று, பிடிஓவில் மாட்டியிருக்கும் பாதி சாட்டையடியாகச் சுற்றும்.

அளக்கும் விதம் இது. இரண்டு பாதியையும் பிரித்து, ஒன்றை டிராக்டரிலும் ஒன்றை மெசினிலும் மாட்டுங்கள். எஞ்சின் ஆஃப். மெசினை மெதுவாக ஏற்றி இறக்கி, இரண்டுக்கும் இடையிலான தூரம் எங்கே மிகக் குறைவாக இருக்கிறதோ அங்கே நிறுத்தி, கட்டை கொடுத்து, இரண்டு பாதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த நிலையில் ஒவ்வொரு பக்கமும் முட்டாமல் 25 மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். இல்லையென்றால் உள் குழாய், வெளிக் குழாய், பிளாஸ்டிக் உறை இரண்டு, நான்கையும் ஒரே அளவுக்கு வெட்ட வேண்டும். வெட்டிய வாயை அரத்தால் வழித்து, தூளைத் துடைத்து, கிரீஸ் பூசிச் சொருகுங்கள். பிறகு மிக நீண்டிருக்கும் நிலையில் பாருங்கள். குழாயின் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். சின்ன வண்டிக்காக வெட்டிய ஷாஃப்ட் பெரிய வண்டிக்குப் போதாது. இரண்டு வண்டி வைத்திருந்தால் இரண்டு ஷாஃப்ட் வாங்கிக்கொள்வதுதான் மலிவு.

கியர்பாக்ஸ் அடியில் எண்ணெய் ஒழுகுகிறது

சீல் வாங்க ஓடாதீர்கள். பாரின் மேலே, கியர்பாக்ஸ் ஷாஃப்ட் வெளியே வரும் கழுத்தில் விரலை விட்டுப் பாருங்கள். ராஃபியா கயிறு, உர மூட்டையின் நைலான் நூல், மெல்லிய கம்பி, இவற்றில் ஏதோ ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும். மாரியம்மன் கோயில் திருவிழா முடிந்த அடுத்த வாரம் திடலை வெட்டுகிறவர்களுக்கு இது கட்டாயம் வரும். தோரணம் கட்டிய ராஃபியாவை அறுத்து அங்கேயே போட்டிருப்பார்கள். கத்தி அதை எடுத்துக் கழுத்தில் சுற்றும். சுற்றிய கயிறு சூட்டில் உருகிக் கெட்டியாகி, வளையமாகச் சீலின் உதட்டுக்குள் நுழைந்துவிடும். கத்தியால் கீறி, கொறடால் இழுத்து எல்லாவற்றையும் எடுங்கள். சீல் கிழியாமல் தப்பியிருந்தால் ஒழுக்கு நிற்கும். வெட்டுவதற்கு முன் திடலை ஒரு சுற்று நடந்து கயிறு பொறுக்குவது இதைவிடச் சுலபம்.

கயிறு இல்லையென்றால் மேலே உள்ள காற்றுத் துளை. கியர்பாக்ஸ் சூடானால் உள்ளே காற்று விரியும், அது வெளியேற ஒரு சின்ன மூடி இருக்கும். மண்ணோ குளவிக் கூடோ அதை அடைத்துவிட்டால் அழுத்தம் எண்ணெயைச் சீல் வழியாகத் தள்ளும். மூடியைக் கழற்றி டீசலில் கழுவுங்கள். எண்ணெய் அளவுக்கு மேல் ஊற்றியிருந்தாலும் இதே கதைதான். மட்டம் பார்க்கும் திருகு பக்கவாட்டில் இருக்கும். மெசின் மட்டமாக நிற்கும்போது அந்தத் துளையின் வாய் வரைக்கும்தான்.

இவை மூன்றும் இல்லையென்றால் சீல்தான். கீழ்ச் சீலை மாற்ற, பாரைப் பிடித்திருக்கும் பெரிய நட்டைக் கழற்ற வேண்டும். அது சாமானியமாக அசையாது, திரும்ப இறுக்கவும் பெரிய டார்க் ஸ்பேனர் வேண்டும். இதைப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். வீட்டில் பைப் போட்டு மிதித்து இறுக்கிய நட்டு, அதைப் பூட்டும் பின்னைப் போட மறந்துவிட்டால், பாரோடு சேர்ந்து கழன்று விழும்.

கியர்பாக்ஸ் கொதிக்கிறது, முனகுகிறது

எண்ணெயைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். பால் ஊற்றிய கோப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, முழுவதும் வடித்து மாற்ற வேண்டும். கையேட்டில் சொன்ன கியர் எண்ணெய்தான், எஞ்சின் எண்ணெய் ஆகாது. வடித்த எண்ணெயில் காந்தத்தை விட்டுப் பாருங்கள். நைசான தூள் எப்போதும் இருக்கும். செதில் செதிலாக இரும்பு ஒட்டிக்கொண்டு வந்தால் பல் உடைந்துகொண்டிருக்கிறது.

எஞ்சின் ஆஃப் செய்து, கட்டை கொடுத்து, பாரின் நுனியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். லொடலொடவென்று ஆடினால் கீழ்ப் பேரிங் போய்விட்டது. ஷாஃப்ட்டைத் திருப்பும்போது கொஞ்சம் இடைவெளி விட்டுப் பிடிப்பது சாதாரணம், அதற்காகப் பயப்பட வேண்டாம். இவ்வளவும் பார்த்த பிறகு வருவதுதான் "கியர்பாக்ஸ் போச்சு" என்ற முடிவு.

கிளட்ச்சை மிதித்தாலும் வண்டி நிற்காமல் முன்னே தள்ளுகிறது

இது கோளாறே இல்லை, ஆனால் இந்தப் பட்டியலில் ஆளைக் கொல்லக்கூடியது இதுதான். ஒற்றைக் கிளட்ச் உள்ள பழைய டிராக்டர்களில் பிடிஓ கியருடன் பிணைந்திருக்கும். கிளட்ச்சை மிதித்தால் எஞ்சின் விலகும், சுழன்றுகொண்டிருக்கும் கத்தியின் வேகம் ஷாஃப்ட் வழியாகத் திரும்பி வந்து சக்கரத்தைத் தள்ளும். நம் பக்கத்தில் ஒவ்வொரு பிளாக்கின் ஓரத்திலும் பாரிட், அதாவது வடிகால் வாய்க்கால், ஓடுகிறது. வண்டி நிற்கும் என்று நம்பி வாய்க்கால் கரை வரைக்கும் ஓட்டினால் உள்ளேதான் போக வேண்டும்.

பிடிஓ முனையில் ஒரு திசைக்கு மட்டும் பிடிக்கும் ஓவர்ரன் கிளட்ச் மாட்டினால் தீர்ந்தது. அது 10 சென்டிமீட்டர் அளவுக்கு நீளத்தைக் கூட்டும் என்பதால் ஷாஃப்ட்டை மறுபடி அளக்க வேண்டும். மாட்டும் வரைக்கும் கரைக்கு நன்றாக முன்பே திராட்டிலைக் குறைத்து, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து பழகுங்கள்.

மெசின் தானாக ஏறி இறங்குகிறது. முன் சக்கரம் மிதக்கிறது

ஏறி இறங்கினால் ஹைட்ராலிக் லீவர், இழுவைக்கேற்ப உயரத்தை மாற்றும் டிராஃப்ட்டில் இருக்கிறது. அது கலப்பைக்கு. ஸ்லேஷருக்கு, உயரத்தை ஒரே நிலையில் வைக்கும் பொசிஷன் கண்ட்ரோல்தான். தூக்கி நிறுத்திய மெசின் எஞ்சினை ஆஃப் செய்ததும் மெதுவாக இறங்குவது உள்ளே சீல் தேய்ந்ததன் அறிகுறி. வெட்டும் வேலைக்குத் தடையில்லை, அடியில் குனிகிறவருக்குத்தான் ஆபத்து.

முன் சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் பிடிக்காமல் போனால் முன்னால் எடை போடுங்கள். மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் சக்கரத்தில் இருக்க வேண்டும். ஆளை முன்னால் உட்காரவைத்து ஓட்டுவது எடை போட்டதாகாது.

லாலாங்கில் எஞ்சின் திணறுகிறது, சூடு ஏறுகிறது

ஆள் உயரம் வளர்ந்த லாலாங் புல்லை ஒரே தடவையில் தரையோடு வெட்ட முடியாது. முதல் தடவை மெசினை உயர்த்தி, பாதி அகலம் மட்டும் எடுத்து ஓட்டுங்கள். இரண்டாவது தடவை குறுக்காக, சரியான உயரத்தில். லாலாங் வெட்டினால் சாகாது, மண்ணுக்கடியில் ஓடும் தண்டிலிருந்து மறுபடி முளைக்கும். வெட்டுவது அடுத்த வேலைக்கு வழிவிடத்தான். அதனால் மொட்டையடிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

சூடு ஏறினால் ரேடியேட்டர் வலையைப் பாருங்கள். லாலாங் பூத்திருக்கும் காலத்தில் அந்த வெள்ளைப் பஞ்சு வலை முழுக்க ஒட்டி, காற்றே புகாது. தண்ணீர் பீய்ச்சினால் பஞ்சு இன்னும் உள்ளே போகும். வலையைக் கழற்றித் தட்டி, உள்ளிருந்து வெளியே காற்று அடியுங்கள். காற்று வடிகட்டியையும் அதே நேரத்தில் பார்த்துவிடுங்கள்.

சங்கிலித் திரை

மெசினின் முன்னும் பின்னும் தொங்கும் சங்கிலியில் நான்கைந்து அறுந்துபோய் இடைவெளி விழுந்திருந்தால் அதையும் கோளாறாகவே எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டு நன்றாகத்தான் இருக்கும், பறக்கிற தேங்காய்ச் சிரட்டையைத் தடுக்க ஒன்றும் இருக்காது. பள்ளிக்கூடம், சாலை, லயத்து வாசல் பக்கம் வெட்டும்போது நூறு மீட்டருக்குள் ஆள் இருந்தால் பிடிஓவை நிறுத்துங்கள்.

உதிரிபாகம் வாங்கப் போனால்

பக்கத்து நகரமான தெலுக் இந்தான் வரைக்கும் போகிறவர்கள் பழைய கத்தியையும் போல்ட்டையும் கழுவிக் கையோடு கொண்டுபோங்கள். மெசினின் பெயரை மட்டும் சொன்னால் கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் அண்ணே" என்று ஒன்றை நீட்டுவார். துளையின் விட்டம், கத்தியின் நீளம், வளைவு எந்தப் பக்கம், தீட்டியது எந்தப் பக்கம், இந்த நான்கையும் பழையதன் மேல் வைத்துப் பார்த்துவிட்டு வெள்ளியைக் கொடுங்கள்.